அவஸ்தைப் பூசுதலிலிருந்து நோயில் பூசுதல் வரை: கத்தோலிக்கரின் எண்ணெய்ச் சடங்கும் நம் நோய் விசாரிப்பும்

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின் கீழ் உழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். டேனரியில் பல்லாண்டுகள் உடன் பணியாற்றிய ஒருவர் நோயுற்றால் அவர் வீடு சென்று பார்த்து வருவதை இப்பகுதி முஸ்லிம்கள் கடமையாகவே கருதி வந்துள்ளனர். அவ்வாறு செல்பவர்கள் சில வேளைகளில் நம்மிடம் ஒரு வினாவைக் கொண்டு வருவதுண்டு. கத்தோலிக்கர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருக்கையில் பங்குச் சாமியார் வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். நோயாளியோ எழுந்து அமர்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். அது சகராத்து வேளையில் செய்யும் சடங்கு என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? நாம் அங்கே அமர்ந்திருக்கலாமா, எழுந்து வெளியே வந்துவிட வேண்டுமா?

வினாவின் பிற்பகுதி ஃபிக்ஹைச் சார்ந்தது. முற்பகுதி வரலாற்றைச் சார்ந்தது. முற்பகுதிக்கு விடை காணாமல் பிற்பகுதிக்கு விடை கூறுவது, வழக்கை விசாரியாமல் தீர்ப்பளிப்பதாகும். கிறிஸ்தவம் பற்றி நம்மவர் எழுதிய நூல்கள் குறைவல்ல. 1854ஆம் ஆண்டின் ஆக்ரா விவாதமும், அதன் நாயகரான மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ பின்னர் எழுதிய ‘இழ்ஹாருல் ஹக்’ நூலும் நம் அரபிக் கல்லூரிகளில் அறிமுகமானவையே. எனினும் அந்நூல்வரிசை பெரும்பாலும் திரித்துவம், வேதங்களில் நேர்ந்த மாற்றம் ஆகியவற்றையே பேசிற்று. நம் அண்டை வீட்டுக் கிறிஸ்தவரின் படுக்கையருகே நிகழ்வது யாது என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வளரவில்லை. பிற சமயத்தாரின் நம்பிக்கையை முதலில் அவர்கள் கூறுகிறவாறே எடுத்துரைக்க வேண்டும் என்ற நெறியை அல்பீரூனீ இந்தியாவைப் பற்றிய தம் நூலில் கடைப்பிடித்தார். அந்நெறியை ஒட்டியே ஈண்டு இச்சடங்கின் வரலாற்றைக் காண முற்படுகிறோம்.

‘மஸீஹ்’ என்னும் சொல்

அரபி பயின்றோருக்கு இவ்வாய்வின் வாயில் ‘மஸீஹ்’ என்னும் சொல்லிலேயே திறக்கிறது. ம-ஸ-ஹ என்னும் வேருக்குத் தடவுதல், துடைத்தல், பூசுதல் என்பன பொருள். உளூவில் தலைக்கு ‘மஸ்ஹு’ செய்வதும் இவ்வேரிலிருந்து வந்ததே. ஈஸா (அலை) அவர்களுக்குத் திருக்குர்ஆன் வழங்கும் இப்பெயருக்கு விரிவுரையாளர்கள் பல காரணங்கள் கூறியுள்ளனர். ஹிஜ்ரி 606இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ ஆலு இம்ரான் அத்தியாய விரிவுரையில் இவற்றைத் தொகுத்துத் தருகிறார். நோயாளி எவரை அவர்கள் தம் கரத்தால் தடவினாலும் அவர் நலம் பெற்றார் என்பதால் இப்பெயர் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைச் சார்த்திக் கூறப்படுவது. பூமியில் ஓரிடத்தில் தங்காது சுற்றி வந்தமையால் என்பது மற்றொன்று. நபிமார்களுக்கே உரிய தூய எண்ணெய் பூசப்பட்டவர் என்பதும், தாயின் வயிற்றிலிருந்தே எண்ணெய் பூசப்பட்ட நிலையில் பிறந்தார் என்பதும் வேறு இரு கருத்துகள். இது எபிரேய மொழியிலிருந்து அரபியாக்கம் பெற்ற சொல் என்ற மொழியியலாரின் கூற்றையும் அவர் விடவில்லை. எபிரேயத்தில் ‘மாஷியஹ்’ என்பது எண்ணெய் பூசப்பட்டவரைக் குறிக்கும். கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்பதும் அதுவே. ஆகக் ‘கிறிஸ்தவர்’ என்ற பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது!

பிறவிக் குருடரையும் வெண்குஷ்ட நோயாளரையும் ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அனுமதி கொண்டு குணப்படுத்தியதைத் திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் (3:49, 5:110) கூறுகிறது. அவர்களிடமிருந்து சீடர்களுக்கு இப்பணி எவ்வாறு சென்றது என்பதைக் கிறிஸ்தவரின் மாற்கு சுவிசேஷம் (6:13) சொல்கிறது: அனுப்பப்பட்ட பன்னிருவரும் நோயாளர் பலருக்கு எண்ணெய் பூசிக் குணப்படுத்தினர் என்பது அதன் கருத்து. இச்சடங்குக்குக் கத்தோலிக்கர் முதன்மை ஆதாரமாகக் காட்டுவது யாக்கோபின் நிருபமாகும் (5:14-15). நோயுற்றவர் சபை மூப்பர்களை அழைக்கட்டும். அவர்கள் அவருக்காக ஜெபித்து எண்ணெய் பூசட்டும். ஜெபம் அவரை நலமாக்கும். பாவம் செய்திருந்தால் மன்னிக்கப்படும் என்பது அதன் சாரம். இங்கே நோயாளி என்றுதான் உள்ளது. சாகுந்தறுவாயில் உள்ளவர் என்று இல்லை. இது பின்னால் பெரும் வாதப் பொருளாயிற்று.

எண்ணெய் பூசுவது அக்காலத்தில் மருத்துவமே. அரபு நாடுகளிலும் அவ்வாறே. பாக்கியம் பெற்ற மரத்தின் எண்ணெயாகிய ஸைத்தை உண்ணவும் பூசவும் ஏவும் நபிமொழி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெறுகிறது. விலாப்பக்க நோய்க்கு ஸைத்தையும் ‘வர்ஸ்’ என்னும் மஞ்சள் நிற மூலிகையையும் நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததாக ஸைத் இப்னு அர்கம் (ரலி) அறிவிக்கும் செய்தியும் திர்மிதீயில் உண்டு. தம் குடும்பத்தாருள் நோயுற்றவரை அண்ணலார் தம் வலக் கரத்தால் தடவித் துஆச் செய்வார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். ஆக, தடவும் கரமும் உண்டு, துஆவும் உண்டு, எண்ணெயும் உண்டு. ஆனால் இம்மூன்றையும் ஒரு குருவின் கையில் சேர்த்து, அவர் வாயிலாகப் பாவமன்னிப்பு இறங்குகிறது என்று கொள்ளும் கோட்பாடு நம்மிடம் இல்லை. வேறுபாடு இருப்பது எண்ணெயில் அன்று, குருத்துவத்திலேயே ஆகும்.

எண்ணெய் எவர் கையில்?

தொடக்க நூற்றாண்டுகளில் இவ்வெண்ணெய் குருமாரின் கையில் மட்டும் இருந்ததா எனில், இல்லை என்பதே விடை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் துமுயிஸ் நகர ஆயரான செராப்பியோன் பெயரில் வழங்கும் ஜெபத் தொகுப்பில் நோயாளர்க்கான எண்ணெயையும் நீரையும் ஆசீர்வதிக்கும் ஜெபங்கள் காணப்படுகின்றன. 416ஆம் ஆண்டில் உரோமைப் பாப்பரசர் முதலாம் இன்னொசென்ட், குப்பியோ நகர ஆயர் தெசென்சியுஸ் என்பாருக்கு எழுதிய கடிதம் இப்பொருளில் புகழ் பெற்றது. எண்ணெயை ஆயர் அர்ச்சிக்க வேண்டும். அவ்வாறு அர்ச்சிக்கப்பட்டதைக் குருக்கள் மட்டுமின்றிக் கிறிஸ்தவர் அனைவரும் தமக்கும் தம் வீட்டாருக்கும் நேரும் தேவைகளில் பயன்படுத்தலாம் என்பது அவர் தந்த விளக்கம். ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ், நோய் வந்ததும் மந்திரவாதிகளிடம் ஓடும் தம் மக்களைக் கண்டித்துக் கோயில் எண்ணெயை நாடுமாறு அறிவுறுத்தினார். தாயத்துக்காரரிடம் செல்லும் நம் மக்களைக் கண்டித்து நம் ஆலிம்கள் ஆற்றும் ஜும்ஆ உரைகள் இங்கே நினைவுக்கு வராமல் போகா.

எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் நிலைமை மாறிற்று. எண்ணெய் பூசும் உரிமை குருமாருக்கே என்றாயிற்று. அத்துடன் இச்சடங்கு மரணப் படுக்கையில் செய்யும் பாவ மன்னிப்புச் சடங்கோடு பிணைக்கப்பட்டது. அக்காலப் பாவப் பரிகாரம் மிகக் கடுமையானது. அதனை ஏற்றவர் எஞ்சிய வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டிய கட்டுப்பாடுகள் பல இருந்தன. எனவே மக்கள் அதனை இறுதி மூச்சு வரை ஒத்திப் போட்டனர். அதன்பின் செய்யப்படும் எண்ணெய் பூசுதலும் தானே ஒத்திப்போயிற்று. எண்ணெய் பூசப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அவர் மீண்டும் இறைச்சி உண்ணலாகாது, வெறுங்காலுடன் நடக்கலாகாது, மனைவியுடன் கூடலாகாது என்றெல்லாம் மக்களிடையே நம்பிக்கைகள் பரவின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சபைக் கூட்டங்கள் இம்மூடநம்பிக்கைகளைக் கண்டித்துத் தீர்மானம் இயற்ற வேண்டியதாயிற்று. பிழைத்தாலும் பிழையாதவரைப் போல் வாழவேண்டும் என்ற அச்சம் இருக்கையில் குருவை முன்கூட்டியே அழைப்பார் யார்? தொண்டைக்குழியில் உயிர் வந்து நிற்கும் வரை தௌபாவின் வாயில் திறந்தே இருக்கிறது என்றும், அதற்கு அடியானும் அவன் இரட்சகனுமே போதும் என்றும் கற்ற நமக்கு இச்சிக்கல் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ‘வயதான பின் தௌபா செய்துகொள்ளலாம்’ என்று ஒத்திப்போடும் மனப்பான்மை நம்மவரிடம் இல்லையென்று கூற நாம் துணியோம்.

1160இல் மறைந்த பீட்டர் லொம்பார்து ஏழு சாக்கிரமெந்துகளை எண்ணிக் கூறுகையில் இதனை ‘இறுதிப் பூசுதல்’ என்னும் பெயராலேயே குறித்தார். 1439இல் ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம் ஆர்மீனியருக்காக வெளியிட்ட ஆணை இதற்குத் திட்டவட்டமான வடிவம் தந்தது. ஆயர் அர்ச்சித்த ஒலிவ எண்ணெயே வேண்டும்; மரணம் அஞ்சப்படும் நோயாளிக்கன்றிப் பிறருக்குத் தரலாகாது; கண், காது, நாசி, வாய், கை, கால், இடுப்பு ஆகிய உறுப்புகளில் பூச வேண்டும் என்பன அதன் விதிகள். உறுப்புகளால் செய்த பாவம் நீங்க உறுப்புதோறும் பூசுவதென்பது கருத்து. உளூவின் நீரோடு ஒவ்வோர் உறுப்பின் பாவமும் வழிந்தோடுவதாகக் கூறும் நபிமொழியை அறிந்தவர்க்கு இவ்வெண்ணம் அயலானதாகத் தோன்றாது.

1520இல் மார்ட்டின் லூத்தர் இதனை எதிர்த்து எழுதியபோது யாக்கோபின் நிருபத்தையே ஆயுதமாக்கினார். நிருபம் நோயாளியைப் பேசுகிறது, நீங்களோ சாகிறவனைப் பேசுகிறீர்கள். நிருபம் நலம் பெறுவதை வாக்களிக்கிறது, உங்கள் சடங்கு பெற்றவர்களோ பெரும்பாலும் இறந்துபோகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் வட்டாரத்தில் ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பரவியுள்ள லூத்தரன் திருச்சபையினர் இதனைச் சாக்கிரமெந்தாகக் கொள்ளாமைக்கு வேர் இதுவே. கிறிஸ்தவர் எல்லாரும் இச்சடங்கைச் செய்வர் என்று நம்மவர் எண்ணுவது தவறு. லூத்தருக்கு விடையாக 1551 நவம்பர் 25ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம் இதனை உறுதிப்படுத்திற்று. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. முதல் வரைவில் மரணத் தறுவாயில் உள்ளவர்க்கு ‘மட்டுமே’ என்றிருந்த சொல், இறுதி வடிவில் ‘சிறப்பாக’ என்று திருத்தப்பட்டது. அந்த ஒரு சொல் திறந்துவிட்ட வாயிலில் நானூறு ஆண்டுகள் எவரும் நுழையவில்லை.

கீழ்த்திசையில் விளக்கும் மண்ணும்

அரபுக் கிறிஸ்தவரிடையே இதன் வரலாறு வேறு திசையில் சென்றது. இன்றும் எகிப்தின் கிப்தியர் இதனை ‘ஸிர்ருல் கின்தீல்’ என்பர். விளக்கின் இரகசியம் என்பது பொருள். எண்ணெயில் ஏழு திரிகளை ஏற்றி ஜெபித்து, அவ்வெண்ணெயையே நோயாளிக்குப் பூசுவதால் வந்த பெயர் இது. ‘மஸ்ஹத்துல் மர்ளா’, அதாவது நோயாளரைத் தடவுதல் என்பது மற்றொரு வழக்கு. கீழைச் சபைகள் இதனைச் சாவோடு பிணைக்கவில்லை. நோயில் எப்போது வேண்டினும் செய்தன. அப்பாஸியர் அவையில் கலீஃபாக்களுக்கு மருத்துவம் பார்த்த புக்தீஷூ குடும்பத்தாரும், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பெரும் மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் சார்ந்திருந்த நஸ்தூரியச் சபையிலோ வேறொரு வழக்கம் ஓங்கியிருந்தது. புனிதர்களின் கல்லறை மண்ணை எண்ணெயும் நீரும் கலந்து நோயாளிக்குத் தருவர். அதற்கு ‘ஹ்னானா’ என்று பெயர். அருள் என்பது பொருள்.

இந்நஸ்தூரியச் சபையின் தொடர்பே மலையாளக் கரைக்கும் நம் மயிலாப்பூருக்கும் இருந்தது. 1290களில் மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மயிலாப்பூர்த் தோமா கல்லறை பற்றி எழுதியவை தமிழ் முஸ்லிம்கள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. அங்கு வரும் கிறிஸ்தவர் தோமா கொல்லப்பட்ட இடத்தின் சிவந்த மண்ணை எடுத்துச் சென்று, முறைக்காய்ச்சல் கண்டவர்க்குத் தருவர். அவர்கள் குணமடைவர் என்கிறார். மேலும், கிறிஸ்தவரோடு முஸ்லிம்களும் அவ்விடத்துக்குத் திரளாக வருவதாகவும், தோமாவைத் தம்மைச் சார்ந்த பெரியாராக அவர்கள் மதிப்பதாகவும், அவரை ‘அவரியான்’ என்று அழைப்பதாகவும் எழுதுகிறார். போலோவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹென்றி யூல் இச்சொல்லை ‘ஹவாரீ’ என்னும் அரபிச் சொல்லின் திரிபாகக் கண்டார். ஈஸா (அலை) அவர்களின் துணைவர்களைத் திருக்குர்ஆன் ஹவாரிய்யூன் என்றே குறிப்பிடுவதை நாம் அறிவோம். ஆக, பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கரையின் முஸ்லிம்கள் தோமாவை ஈஸா நபியின் ஹவாரியாகக் கொண்டாடினர் என்றாகிறது.

போலோவுக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா இன்னும் நெகிழ்ச்சியான செய்தியைத் தருகிறார். கோயில் பாழடைந்து கிடந்தது. ஏழை முஸ்லிம் ஃபக்கீர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார். வருவோரிடம் தர்மம் கேட்டு அதைக் கொண்டு அங்கே இரவில் விளக்கெரித்தார் என்கிறார். 1523இல் போர்த்துகீசியர் கல்லறையைத் தோண்டிப் பார்த்துப் புதிய கோயில் எழுப்பினர். அந்த ஃபக்கீரின் பெயரைக்கூட வரலாறு காக்கவில்லை. கல்லறை மண்ணில் நோய் தீர்க்கும் ஆற்றல் காண்பதையோ, நம் நாட்டுத் தர்காக்களில் விளக்கெண்ணெயை எடுத்து நோயாளிக்குத் தடவுவதையோ நாம் ஆதரிப்பவர் அல்லோம். அது குறித்து நம் ஆலிம்களிடையே நிகழ்ந்த வாதங்கள் வேறு கட்டுரைக்குரியன. ஆனால் பிற சமயத்தாரின் பாழடைந்த கோயிலில் இருள் சூழாமல் காத்த அந்தக் கை நம்மவரின் கை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

போர்த்துகீசியரோடு வந்தது ஃபிளாரன்ஸும் திரெந்தும் வடித்துத் தந்த மேலை வடிவம். 1599 ஜூன் திங்களில் கோவா பேராயர் அலெய்ஷோ தெ மெனேசெஸ் கொச்சிக்கு அருகில் உதயம்பேரூரில் மலையாளச் சிரியன் கிறிஸ்தவரைக் கூட்டி நடத்திய சங்கத்தின் தீர்மானங்கள், இறுதிப் பூசுதல் என்னும் சாக்கிரமெந்து அம்மறைமாவட்டத்தில் அதுவரை வழக்கில் இருந்ததில்லை என்று வெளிப்படையாகக் கூறி, இனி அதனைச் செய்யுமாறு விதிக்கின்றன. அதே சங்கம்தான் அவர்களுடைய சிரியாக் ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. 1653இல் மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த கூனன் குரிசு சபதம் அதன் எதிர்விளைவு. ஏடுகளை எரித்த கையே எண்ணெய்ச் சிமிழையும் நீட்டிற்று என்பதைக் கேரள வரலாற்றை எழுதுவோர் மறப்பதில்லை.

தமிழகத்திலும் இச்சடங்கு அக்குறுகிய வடிவிலேயே வந்து சேர்ந்தது என்பதற்குத் தமிழ்ப் பெயரே சான்று. பழைய ஞானோபதேசங்கள் ஏழு ‘தேவதிரவிய அனுமானங்களை’ வரிசைப்படுத்துகையில் இதனை ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றன. அவஸ்தை என்னும் வடசொல் நிலை என்று பொருள்படுவது. தமிழில் வேதனை என்றாகி, கத்தோலிக்கர் வழக்கில் மரண வேதனையைச் சுட்டிற்று. நாம் ‘சகராத்து’ என்று கூறுமிடத்தில் அவர்கள் ‘அவஸ்தை’ என்றனர். ‘அவஸ்தைக்குச் சாமியாரைக் கூப்பிட்டாகிவிட்டது’ என்றால் தெருவே திரண்டுவிடும். நோயாளி காதில் அது விழாமல் இருக்க வீட்டார் படும் பாடு பெரிது. குரு வருகிறார் என்றாலே நோயாளிக்கு உள்ள நம்பிக்கையும் போய்விடும் என்று அஞ்சி, நினைவு தப்பும் வரை அழைக்காமல் இருந்துவிடுவதும் உண்டு. நலம் பெறச் செய்வதற்கு என்று ஏற்பட்டது, கேட்டவுடன் நடுங்கும் பெயராயிற்று.

1963 முதல் 1974 வரை

இந்நிலையைக் கத்தோலிக்கத் திருச்சபையே தவறென்று கண்டது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏட்டின் 73ஆம் பிரிவு, ‘இறுதிப் பூசுதல்’ என்பதை ‘நோயாளரைப் பூசுதல்’ என்று அழைப்பதே பொருத்தமெனவும், அது சாகுந்தறுவாயில் உள்ளவர்க்கு மட்டும் உரியதன்று எனவும் உரைத்தது. 1972 நவம்பர் 30ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் பவுல் புதிய முறையை வகுத்தார். 1974 ஜனவரி முதல் அது கட்டாயமாயிற்று. உறுப்புதோறும் பூசுவது நீக்கப்பட்டு நெற்றியும் கைகளும் மட்டும் போதுமென்றாயின. நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். முதுமையால் தளர்ந்தவரும் பெறலாம். ஒலிவ எண்ணெய் கிடைப்பது அரிதான நாடுகளில் வேறு தாவர எண்ணெய் போதுமென்ற சலுகையும் அப்போது வந்தது. ஒலிவம் பரவலாக விளையாத நம் நாட்டைப் போன்றவற்றுக்கு அது சிறு செய்தியன்று. பெயரும் மாறிற்று: தமிழ்க் கத்தோலிக்கர் இன்று ‘நோயில் பூசுதல்’ என்கின்றனர். முதியோர் நாவில் அவஸ்தை இன்னும் எஞ்சியிருக்கிறது.

மாறாதனவும் உண்டு. குருவன்றி வேறெவரும் இதனைச் செய்ய இயலாது என்பதை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் மீண்டும் வலியுறுத்துகிறது. இன்னொசென்ட்டின் கடிதம் பொதுமக்களுக்குத் தந்த உரிமை திரும்பவில்லை. பெரிய வியாழனையொட்டி ஆயர் தம் குருக்களோடு கூடி ஆண்டுக்கான எண்ணெய்களை அர்ச்சிக்கிறார். நம் பகுதி 1952இல் அமைந்த வேலூர் மறைமாவட்டத்தைச் சார்ந்தது. அங்கிருந்தே பங்குகளுக்கு எண்ணெய் செல்கிறது.

ஆக, முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எழுந்து அமர்ந்து பேசும் நோயாளிக்கு எண்ணெய் பூசியது வழுவன்று; அதுவே இன்றைய முறை, தொன்மையான முறையும் அதுவே.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வில் இமாம் மர்கீனானீ, யூதரையும் கிறிஸ்தவரையும் நோய் விசாரிப்பதில் குற்றமில்லை என்கிறார். அது அவர்களுக்குச் செய்யும் ஒருவகை நன்மை, அதிலிருந்து நாம் தடுக்கப்படவில்லை என்பது அவர் காட்டும் காரணம். அண்ணலாருக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவர்கள் சென்று அவன் தலைமாட்டில் அமர்ந்ததையும், அவனை இஸ்லாத்திற்கு அழைத்ததையும், அவன் ஏற்றதையும் அனஸ் (ரலி) வாயிலாக புகாரீ பதிவு செய்துள்ளார். எனவே செல்வதில் ஐயமில்லை. சடங்கு நிகழும் வேளையில் அதில் பங்கு கொள்ளாமல், ஜெபத்திற்கு ‘ஆமென்’ கூறாமல், ஒதுங்கி மௌனமாய் இருப்பதோ, வீட்டார் மனம் நோகாவண்ணம் வெளியே வந்து முடிந்தபின் திரும்பிச் செல்வதோ நம் நிலைக்கு உகந்தது. முகம் சுளித்து எழுந்து போவது நோய் விசாரிக்கச் சென்றதன் பயனையே அழித்துவிடும். நோயாளியின் நலத்துக்காக நம் முறையில் அல்லாஹ்விடம் இறைஞ்சுவதற்குத் தடையேதும் இல்லை.

2020ஆம் ஆண்டு இவ்விரு சமூகத்தாருக்கும் ஒரே சோதனையாக வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் நடுவண் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, கொரோனாவால் இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவதையும் தழுவுவதையும் முத்தமிடுவதையும் தடுத்தது. தொடாமல் செய்யும் சடங்குகளை மட்டும் அனுமதித்தது. நம்மவர் குஸ்லுக்கு மாற்றாகத் தயம்மும் செய்யலாமா, அதுவும் இயலாதபோது என் செய்வது என்று முஃப்திகளை வினவினர். நோயாளியைத் தொடாமல் எண்ணெய் பூசுவது எங்ஙனம் என்பது அவர்தம் வினா. மார்ச் 20ஆம் நாள் வத்திக்கானின் பாவமன்னிப்பு மன்றம், குருவை அடைய இயலாத நோயாளர்க்குச் சிறப்பு அருள்சலுகைகளை அறிவித்தது. தொடுதல் இல்லாத நோய் எத்துணைத் தனிமையானது என்பதை அந்நாளில் இரு திறத்தாரும் கண்டனர்.

நம் படுக்கையருகே

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் நம்மவர் வீடுகளையே நோக்கிச் செல்கிறது. ‘யாஸீன் ஓத வைத்திருக்கிறார்கள்’ என்று ஒரு வீட்டைப் பற்றிக் கூறினால் நம் ஊர்களில் அதன் பொருள் யாவர்க்கும் தெரியும். அவஸ்தைக்குச் சாமியாரை அழைப்பது அவர்களிடம் எதுவாக இருந்ததோ, அதுவாகவே யாஸீன் நம்மிடம் ஆகியிருக்கிறது. ஹஸ்ரத் ஒருவர் நோய் விசாரிக்க வீட்டுக்குள் நுழைந்தாலே ‘எனக்கு என்னவோ ஆகிவிட்டது போலும், மறைக்கிறார்கள்’ என்று நோயாளி கலங்குவதை இமாம்கள் பலர் கண்டிருப்பர். இதனால் வீட்டார் இறுதிவரை இமாமை அழைப்பதே இல்லை.

மரணிப்போர் மீது யாஸீன் ஓதுமாறு கூறும் செய்தி மஃகில் இப்னு யஸார் (ரலி) வாயிலாக அபூதாவூத், இப்னு மாஜா முதலியோரால் பதிவு செய்யப்பட்டது. இப்னு ஹிப்பான் இதனை ஏற்று, மரணம் வந்தடுத்தவரையே இது குறிக்கும் என்று விளக்கினார். தாரகுத்னீ இதன் தொடர் பலவீனமானது என்றார். எங்ஙனமாயினும் யாஸீன் மரணத்திற்கு மட்டுமே உரிய அத்தியாயம் என்று எவரும் கூறவில்லை. நோயாளிக்கு ஓதுவதற்கோ ஃபாத்திஹாவும் இறுதி இரண்டு அத்தியாயங்களும் உள்ளன. தேள் கடித்த குலத் தலைவருக்குத் தோழர் ஒருவர் ஃபாத்திஹா ஓதிப் பார்த்த நிகழ்ச்சி புகாரீயில் உண்டு. அவர் எழுந்து நடந்தார். நோய் தொடங்கிய முதல் வாரத்திலேயே இமாம் சென்று இவற்றை ஓதித் துஆச் செய்து வருவதை வழக்கமாக்கினால், அவர் வருகை பின்னொரு நாளில் எவரையும் அச்சுறுத்தாது. நம் வட்டாரத்தின் ஜமாஅத்துகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

உண்மையாகவே இறுதி வேளை வந்துவிட்ட இடத்திலும் நம் முன்னோர் காட்டிய பண்பு குறிப்பிடத்தக்கது. கலிமாவை நோயாளி அருகில் மென்மையாகச் சொல்ல வேண்டும், வற்புறுத்தலாகாது, அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசினாலன்றி மீண்டும் நினைவூட்டக் கூடாது என்பது இமாம் நவவீ முதலானோர் தரும் சட்டம். ஹிஜ்ரி 181இல் மறைந்த ஹதீஸ் மேதை அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் மரணப் படுக்கையில் இருந்தபோது, அருகிருந்த ஒருவர் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்துகொண்டே இருந்தார். தாம் ஒருமுறை சொல்லிவிட்டால், வேறெதுவும் பேசாதவரை அதன்மீதே தாம் இருப்பதாக இப்னுல் முபாரக் அவருக்கு விளக்கினார். இமாம் திர்மிதீ இதனைத் தம் நூலின் ஜனாஸா பாடத்தில் எழுதி வைத்திருக்கிறார்.